புளுகத்துக்குச் சாட்சி

கிளிநொச்சியில் நான் வேலை செய்த கந்தோரில், ரேடியோ அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் நூல் கட்டிய ஒரு கொப்பி தொங்கும். எங்கள் வாகனம் எங்கே நிற்கிறது, யார் யாரைக் கூப்பிட்டார், எத்தனை மணிக்குப் பதில் போனது என்று நான் என் கையால் எழுதிய கொப்பி. போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். "என்னை நேற்று மூண்டு தரம் கூப்பிட்டனீரோ? பச்சைப் பொய், உந்த வரியை வெட்டும்" என்று சண்டைக்கும் வருவார்கள். ரேடியோவில் வாய் திறந்தால் ஊருக்கே கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கேற்ற மாதிரிக் கதைப்பார்கள். கதைத்து முடிந்தால் "ஓவர்".

பிறகு மெசெஞ்சர் வந்தது. அதில் ஓவர் இல்லை.

போர்நிறுத்தக் காலம் அது. பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்த எங்கள் தொண்டு நிறுவனத்தின் தலைமைக் கந்தோர் ஏழு கணனிகளும், கூரையில் வைத்து இணையம் பிடிக்க ஒரு பெரிய வெள்ளைத் தட்டும், அதைப் பூட்ட ஒரு பொடியனையும் அனுப்பியது. அவர் இரண்டு நாள் நின்று எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொரு கணனியிலும் அந்த மெசெஞ்சரையும் ஏற்றிவிட்டு, "இனிமேல் ஒருவரோட ஒருவர் இதில் எழுதிக்கொள்ளலாம், கத்தத் தேவையில்லை" என்றார். போகும்போது ஆளுக்கொரு தாளைத் தந்து கையெழுத்து வாங்கினார். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம்.

இங்கேதான் என் முதல் பிழை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிஸ்கற் பெட்டி, மருந்துக்குள் வைக்கிற மடித்த தாள், உரப்பை என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்து ஆங்கிலம் பிடித்தவன். கந்தோரில் என்னை எல்லோரும் வாசிக்கத் தெரிந்த ஆள் என்று நினைத்திருந்தார்கள். நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. எல்லோரும் தாளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

முதல் பக்கத்தின் மேல்பாதியை ஓடிப் பார்த்தேன். விசைப்பலகையில் தேத்தண்ணி ஊற்றக் கூடாது, கணனியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்று கிடந்தது. மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஊத்தப்பிடாதாம். வையுங்கோ கையெழுத்தை."

வைத்தார்கள். இரண்டாம் பக்கத்தில், இதில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் நிறுவனத்துக்குச் சொந்தம், நிறுவனம் அதை வைத்திருக்கலாம், வாசிக்கலாம், தன்னோடு வேலை செய்கிற வேறு ஆட்களுக்கும் கொடுக்கலாம் என்று இருந்தது. அதை நான் வாசித்தது ஒன்றரை வருடம் கழித்து. அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது.

எங்கள் வேலை கிணறு. நெடுநாள் ஆள் இல்லாமல் கிடந்து தூர்ந்துபோன கிணறுகளை இறைத்து, சேறு அள்ளி, மருந்து போட்டு, ஊர்ச் சனத்திடம் கொடுப்பது. கண்டாவளைப் பக்கம் முழுவதும் ஓர் அக்காவின் பொறுப்பு. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர், கத்தோலிக்க வேதக்காரர். சந்தோசம் வந்தாலும் கோபம் வந்தாலும் முதலில் மாதாவைக் கூப்பிடுவார். கயிறு, வாளி, இறைக்கிற மெசின், குளோரின் பவுடர் எல்லாம் இருந்த ஸ்டோருக்கு ஒருவர் பொறுப்பு. முல்லைத்தீவு முஸ்லிம் ஆள், அதனால் அண்ணன் என்னாமல் நானா என்று கூப்பிடுவோம். புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, ஊர்க் காணியைப் பார்க்க என்று தனியாகத் திரும்பி வந்தவர். மனைவி பிள்ளைகள் இன்னும் புத்தளத்தில். பகிடி இல்லாமல் ஒரு வாளிகூடத் தர மாட்டார்.

எனக்கு ஒரு பழக்கம். ஆட்கள் சொல்கிற சொல் பிடித்துப் போனால் எழுதி வைப்பேன். ஆணியில் தொங்கிய கொப்பி கந்தோருடையது. இது என்னுடைய கொப்பி, சட்டைப் பையில் இருக்கும். மெசெஞ்சர் வந்த பிறகு எல்லோரும் எனக்கு அதிலேயே சொல் அனுப்பத் தொடங்கினார்கள். அக்கா ஒரு நாள் எழுதினார்: கிணறு இறைத்து முடிந்ததும் ஓர் அம்மா முதல் வாளித் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்தத் தண்ணி வாயிலை நிண்டு கதைக்குது" என்றாராம். நானா ஒரு நாள் எழுதினார்: "உங்கட வாகனம் வர முதல் உங்கட தூசி வந்து குசலம் விசாரிச்சிட்டுப் போயிட்டுது எண்டு ஒரு கிழவர் சொல்லுறார்." அந்தச் சின்னச் சதுரத்துக்குள் டிங் என்று ஒரு சத்தம் வரும். என் மனம் அந்தச் சத்தத்துக்கே துள்ளும். அப்படிப் பைத்தியமாகத் திரிந்தேன்.

தமிழை எப்படி எழுதினோம் என்று இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாமினி என்று ஓர் எழுத்துரு இருந்தது. கணனிக்குத் தமிழ் தெரியாது. அது ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும். பாமினி அதன் மேல் தமிழ் உடுப்பைப் போட்டுக் காட்டும். அக்கா என்று எழுத எம், எவ், அரைப்புள்ளி, எவ், எச் என்று தட்ட வேண்டும். பாமினி இல்லாத கணனியில் அதைத் திறந்தால் அந்த எம் எவ் அரைப்புள்ளிதான் தெரியும். பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது பிழையும் என்னுடையதே. ஒரு நாள் நானா கேட்டார்:

"டேய் தம்பி, நாங்கள் எழுதுறதை ஆரும் வாசிப்பினமோ?"

"கொழும்பிலை வாசிச்சாலும் விளங்காது நானா. பாமினி இல்லாட்டி உது வெறும் கிறுக்கல்."

"அப்ப பாமினிப் பிள்ளை எங்களுக்குக் காவல்."

"ஓம், அவ இருக்குமட்டும் பயமில்லை."

அதை எல்லோரும் நம்பினார்கள். நம்பி, வீட்டுக் கதை, வருத்தக் கதை, நிர்வாகத்தைத் திட்டுகிற கதை எல்லாம் எழுதினார்கள்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். கொழும்பு நிர்வாக அலுவலரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மரியாதையான மின்னஞ்சல். உங்கள் கந்தோரில் தமிழ் எழுதப் பயன்படுத்தும் எழுத்துரு எது, ஒரு சுவரொட்டி அடிக்க வேண்டியிருக்கிறது, அனுப்பி வைக்க முடியுமா என்று. கொழும்பு என்னிடம் ஓர் உதவி கேட்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பத்து நிமிடத்தில் பாமினியை அனுப்பினேன். எப்படிப் போட வேண்டும் என்று விளக்கமும் எழுதினேன். எல்லா எழுத்தையும் தெரிந்தெடுங்கள், எழுத்துருவை மாற்றுங்கள், தமிழ் வந்துவிடும் என்று.

அந்தச் சுவரொட்டியை இன்றுவரை நான் காணவில்லை.

மெசெஞ்சர் வந்து ஒன்றரை வருடம் ஆனபோது, அந்த நிர்வாக அலுவலர் ஒரு வியாழக்கிழமை வந்தார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். குரலை உயர்த்தாமல் ஆளை நசிக்கத் தெரிந்தவர். கூட்ட அறைக்குள் அக்காவைக் கூப்பிட்டார். கணனிக்குப் பொறுப்பு என்று என்னையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு கட்டுத் தாள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். மேல் தாளில் இருந்தது பாமினி எழுத்து, நான் அனுப்பியது.

"இது நீங்க எழுதினதுதானே, மேடம்?"

அக்கா குனிந்து பார்த்தார். "ஓம். நான்தான். உது என்னெண்டு உங்களிட்டை வந்தது?"

"அது இப்ப பிரச்சினை இல்ல. கண்டாவளைக் கிணறுகள் பற்றி மாத அறிக்கை அனுப்பின அன்றைக்கு நீங்க எழுதியிருக்கிறீங்க. 'அறிக்கை அனுப்பியாச்சு. இனி ஒரே புளுகம்.' அப்படித்தானே?"

"ஓம், அப்பிடித்தான்."

"அதாவது அறிக்கை முழுக்கப் பொய்."

அக்கா முதலில் சிரித்துவிட்டார். அவர் சிரித்தது அறைக்கு வெளியே கேட்டிருக்கும். பிறகுதான் அலுவலரின் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"மாதாவே! பொய்யோ? ஐயா, புளுகம். புளுகம் எண்டுதான் எழுதினனான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். புளுகு."

"புளுகு இல்லை ஐயா, புளுகம்! சந்தோசம்! கடைசிக் கிணறும் இறைச்சு முடிஞ்சு, சனம் வெடி கொளுத்தி, எனக்கு முதல் தண்ணி தந்தது. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அதுக்குப் பேர்தான் புளுகம்."

"மொழிபெயர்த்தவர் தமிழ்தான். அகராதியும் பார்த்திருக்கிறார்."

"அப்ப அந்த அகராதியை ஒருக்கா வன்னிக்கு அனுப்புங்கோ, ஒரு மாசம் எங்களோட இருக்கட்டும்."

நான் சிரிப்பை அடக்கினேன். அலுவலர் தாளைப் புரட்டினார். அடுத்த தாளில் பச்சை, மஞ்சள் கோடுகள். மெசெஞ்சரில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு இருக்கும். கணனியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சை, பத்து நிமிடம் தொடாவிட்டால் மஞ்சள். அந்தப் பொட்டு எப்போது பச்சையானது, எப்போது மஞ்சளானது என்பதையும் எங்கேயோ ஓர் இயந்திரம் இரவு பகலாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. ஆணியில் தொங்காத கொப்பி.

"பகலில் கூடுதலான நேரம் நீங்க மஞ்சள்."

"நான் கிணத்தடியிலை நிக்கேக்கை உது மஞ்சளாத்தான் இருக்கும். பச்சையா இருந்தால்தான் நான் வேலை செய்யேல்லை எண்டு அர்த்தம்."

அலுவலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த தாளுக்குப் போனார். அதில் என் பெயர் இருந்தது. அக்கா எனக்கு அனுப்பிய அந்த அம்மாவின் வரி, 'தண்ணி வாயிலை நிண்டு கதைக்குது', சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் நின்றது. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, இது மறைமொழியா என்று எழுதியிருந்தார்கள்.

வன்னியில், அந்தக் காலத்தில், ஒரு வரிக்குப் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதுவது ஓர் ஆளின் உயிருக்கே வினையாகலாம் என்று அந்தப் பென்சில் பிடித்த ஆளுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. தாளின் தலைப்பில் யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்று மின்னஞ்சல் முகவரிகள் வரிசையாக இருந்தன. நன்கொடை தருகிற வெளிநாட்டுக் கந்தோரின் முகவரி தெரிந்தது. மற்ற நாலைந்தை எனக்குத் தெரியாது.

"இது எங்களிட்டைக் கேக்க முதலே எல்லாருக்கும் போயிட்டுதோ?" என்று அக்கா கேட்டார். இப்போது அவர் குரல் வேறு.

"நீங்க கையெழுத்து வைச்சிருக்கிறீங்க, மேடம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். தேத்தண்ணி ஊத்தப்பிடாதாம் என்று சொல்லிக் கையெழுத்து வைக்கச் சொன்னவன் நான்.

விசயம் இதுதான். அக்காவின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அறிக்கை பொய் என்றால் புதுப்பிக்க முடியாது. அதோடு வேறு எந்த நிறுவனமும் அவரை எடுக்காது. அவர் வருமானத்தில்தான் கரையில் அவர் வீடு நிமிர்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, கண்டாவளைக்குப் போவம். கிணறு அங்கைதான் இருக்கு, எட்டிப் பாருங்கோ," என்றேன்.

"கிணற்றைப் பார்க்க எனக்கு நேரமில்ல. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டோட நான் வெளிக்கிட வேண்டும். இந்தச் சொல்லுக்கு நீங்க சொல்ற அர்த்தம் இருக்கு என்று எழுத்தில் காட்டுங்க." பையிலிருந்து ஒரு சீடியை எடுத்து என் முன்னால் வைத்தார். "எல்லாம் இதில் இருக்கு. உங்க கந்தோர் ஆட்கள் எல்லாருடையதும். தேடிப் பாருங்க."

கிணறு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதைப் பார்க்க நேரமில்லை. சீடியில் இருந்தால்தான் உண்மை. அந்த மனிதரை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன் என்றால் அந்த ஒரு வசனத்துக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஜெனரேற்றர் போட்டதும் சீடியைத் திறந்தேன். ஒன்றரை வருடத்துக் கதை, ஒன்பது பேருடையது, ஒரே கோட்டில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டு கிடந்தது. தேடுகிற பெட்டியில் தட்டினேன்: பெரிய ஜி, பெரிய எஸ், எவ், கே, அரைப்புள்ளி. பாமினியில் அது புளுகம்.

வந்தது. ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஒருவருக்குத் தங்கைக்குக் கலியாணம் பொருந்தியதில் புளுகம். ஒருவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்ததில் புளுகம். இவ்வளவு புளுகம் எங்கள் கந்தோருக்குள் இருந்ததா என்று எனக்கே அதிசயம். ஆனால் ஒரு சொல்லைத் தேடிப் போனால் அந்தச் சொல் தனியாக வராது. அதற்கு முன்னால் உள்ள வரியும் பின்னால் உள்ள வரியும் சேர்ந்து வரும். வாசிக்கக் கூடாத எத்தனையோ கண்ணில் பட்டது. அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டை மட்டும் எழுதுகிறேன். இரண்டுக்கும் உரியவர்களிடம் கேட்டுவிட்டேன்.

முதலாவது, புதிதாக வந்த கணக்குப் பிள்ளைக்கு அக்கா எழுதியது. அந்தப் பிள்ளை என்னைப் பற்றி, நல்ல ஆள், கதை கேட்கப் புளுகம் என்று எழுதியிருக்கிறார். அதற்கு அக்கா: "தம்பி நல்ல பிள்ளைதான். ஆனா அவருக்கு முன்னாலை பாத்துக் கதையும். வாயாலை விழுறது எல்லாத்தையும் பொறுக்கிக் கொப்பியிலை போட்டிடுவார். ஒருத்தரிட்டையும் கேக்க மாட்டார்."

அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. சட்டைப் பையில் கொப்பி கனத்தது. என்னை அந்தச் சீடியோடு ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அக்கா ஏற்கெனவே வைத்துப் பார்த்துவிட்டார்.

இரண்டாவது, நானா அக்காவுக்கு எழுதியது. "புத்தளத்திலை ஒரு நிறுவனம் ஸ்டோர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கு. கிடைச்சா பிள்ளையளோட இருக்கலாம். ஒரே புளுகம். ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ."

சொல்லுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. வேலை கிடைக்கலாம், பிள்ளைகளோடு இருக்கலாம் என்கிற ஆள் பொய் என்று எழுத மாட்டான். யார் வாசித்தாலும் சந்தோசம் என்று விளங்கும்.

பதினொரு மணி. ஆட்களில் பாதிப் பேர் வெளிக்களத்தில். நானா ஸ்டோரில் இருந்தார், முப்பது அடி தூரம். எழும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொன்னேன். நிர்வாக அலுவலர் சொன்ன அதே சொல். உண்மை என்னவென்றால், கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். பெயரை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். வெட்டினால், நீங்களே இருந்து எழுதினதுதானே என்று அலுவலர் கேட்பார். ஆகவே பெயரோடு அச்சடித்தேன்.

கூட்ட அறையில், அக்காவுக்கு முன்னால், அலுவலர் ஒவ்வொரு தாளையும் பொறுமையாக வாசித்தார். பச்சைப் பேனையால் புளுகத்துக்குக் கீழே கோடு போட்டார். ஒரு தாளில் பேனை கொஞ்ச நேரம் நின்றது. எந்தத் தாள் என்று நான் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி," என்றார் கடைசியில். "மொழிபெயர்ப்பில் ஒரு சின்னப் பிழை. புதுப்பிக்கச் சொல்றேன்."

சின்னப் பிழை. அந்தத் தாள் போன முகவரிகளுக்கெல்லாம் இந்தச் சின்னப் பிழையும் போனதா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதை எந்த அகராதியில் தேடுவது?

"சந்தோசம், ஐயா," என்றார் அக்கா. அவர் அந்த மற்றச் சொல்லைச் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் கந்தோரில் ஒருவருமே அதைச் சொல்லி நான் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்து நானாவுக்குக் கடிதம் வந்தது. அவர் நிறுவனத்தை விட்டு விலக எண்ணியுள்ளதாகத் தெரியவருவதால் ஒப்பந்தம் தொடரப்படாது என்று. அதற்கு நாலு நாளைக்கு முன்னம் புத்தளத்திலிருந்தும் பதில் வந்திருந்தது. உங்கள் தலைமைக் கந்தோரோடு கதைத்தோம், இப்போதைக்கு வேண்டாம் என்று.

நானா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்தார். நான் பக்கத்து மேசை.

"தங்கச்சி, இந்தக் கதை நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதினனான்."

"சத்தியமா நானா, மாதா மேலை ஆணை, நான் வாய் திறக்கேல்லை."

"அப்ப சுவரோ திறந்தது?"

"என்னை உப்பிடிப் பாக்காதேங்கோ நானா. நான் சொல்லேல்லை."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் அப்படி முறைத்துக்கொண்டு நிற்பதை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் அக்காதான் தன்னைக் காட்டிக்கொடுத்தார் என்று நானா நம்பியிருப்பார். எழும்பினேன்.

"நானா, ஸ்டோருக்கு வாங்கோ. நான் சொல்லுறன்."

"இஞ்சையே சொல்லு. இனி மறைக்க என்ன இருக்கு?"

சொன்னேன். பாமினியை அனுப்பியது, சீடி, தேடியது, அச்சடித்தது, முப்பது அடி தூரத்தில் அவர் இருந்தும் கேட்காதது எல்லாம் சொன்னேன்.

நானா அந்தக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். பிறகு, "நல்ல வேலைக்காரனடா நீ. ஒரு ஆளைக் கிணத்தாலை தூக்கி எடுக்க மற்ற ஆளை உள்ளுக்கை இறக்கி விட்டிருக்கிறாய். கயிறும் என்ரை ஸ்டோர்க் கயிறு," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா கேட்டார்: "என்னட்டை ஏன் காட்டேல்லை?"

"காட்டினா வேண்டாமெண்டு சொல்லியிருப்பியள்."

"ஓம். சொல்லியிருப்பன்."

"அதாலைதான்."

"எனக்காகச் செய்தனி எண்டு மட்டும் இனி ஒரு இடத்திலையும் சொல்லாதை," என்றார் அக்கா. அவர் என்னை அதுவரை ஒருமையில் அழைத்தது கிடையாது. அன்று அழைத்தார், அது பாசத்தில் இல்லை.

அக்கா தன் புதுப்பித்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் வேலை செய்தார். விட்டெறிந்துவிட்டுப் போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வீடு பாதியில் நின்றது, கூரை போட வேண்டியிருந்தது. நானாவுக்காகக் கொழும்புக்கு இரண்டு கடிதம் எழுதினார். நானும் எழுதினேன். பதில் இல்லை. அதோடு நாங்கள் கையெழுத்து வைத்த அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தையும் அகராதி வைத்துச் சொல் சொல்லாக வாசித்து, தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிந்திய வேலை. நின்று வாசித்தவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மெசெஞ்சரில் கதை நின்றது. வாகனம் வேண்டும். ஓம். வாறன். அவ்வளவுதான். யார் தொடங்கியது என்று தெரியாது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எல்லோரும் ஓவர் என்று போடத் தொடங்கினார்கள். "மதியம் திரும்புவன். ஓவர்." "குளோரின் முடிஞ்சுது. ஓவர்." கொழும்பிலிருந்து, இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டு வந்தது. ஊரே கேட்கும்போது இப்படித்தான் கதைப்போம் என்று அக்கா பதில் எழுதினார். அதன் கடைசியிலும் ஓவர். எனக்கு ஒருவரும் சொல் அனுப்பவில்லை. டிங் என்று வந்தால் அது வேலைதான்.

பிறகு போர் திரும்பி வந்து பாதை பூட்டினது, கந்தோர் போனது, நாங்களும் போனோம். அக்கா இறைத்த கிணறுகளில் எத்தனை பிறகு தண்ணீரோடு இருந்தன என்று எனக்குத் தெரியாது. அந்த ஏழு கணனியும் என்ன ஆனதென்று தெரியாது. ஆனால் அந்தச் சீடி கொழும்பில் ஏதோ ஓர் அலுமாரிக்குள் இருக்கும். அந்த நாலைந்து முகவரிக்காரரிடமும் இருக்கும். எங்கள் தங்கைமாரின் கலியாணமும், வருத்தமும், தண்ணி வாயில் நின்று கதைத்ததும், அதற்குப் பக்கத்தில் பென்சிலில் அந்தக் கேள்வியும். அந்தக் கேள்விக்காகப் பிறகு யாராவது அந்த அம்மாவின் படலையைத் தட்டினார்களோ என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

நானா போன நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாதக் கடைசி, பிற்பகல். வாளிகளையும் கயிறுகளையும் எண்ணி ஒப்படைத்தார். ஸ்டோரைப் பூட்டுகிற திறப்புக் கோர்வையை என் கையில் தந்தார். வவுனியா போகிற பஸ்ஸுக்கு நேரமிருந்தது. படலை வரைக்கும் அவருடைய பையை நான் தூக்கிக்கொண்டு போனேன், அவர் தடுக்கவில்லை. படலையில் நின்று திரும்பிக் கந்தோரைப் பார்த்தார். கூரையில் இருந்த வெள்ளைத் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

நான் வாழ்க்கையில் கேட்ட சொற்களில் அதை மிஞ்சிய ஒன்று இல்லை. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை எடுத்தேன்.

"நானா, இதை எழுதட்டோ?"

முதல் தடவையாக ஒருவரிடம் கேட்டேன்.

"நேர்முகக் கதையை எழுது. அதுதான் ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சே," என்றார். "இதை எழுதாதை."

ஓம் என்றேன். பஸ் வந்தது. அதனால் அந்தச் சொல் இதில் இல்லை.